விதி எப்போது எழுதப்படுகிறது? (கருவைக் கிள்ளிப் பார்த்தவர்களின் கதை)

உங்கள் கட்டைவிரல் தோலில் இருக்கும் ஒரு செல்லையும் மூளையில் இருக்கும் ஒரு செல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டும் ஒன்று போல இருக்காது. செய்கிற வேலையும் வேறு வேறு. ஆனா ரெண்டுக்கும் மூதாதை ஒருவர்தான். அம்மா வயிற்றில் உருவான ஒரே ஒரு கருமுட்டை. அது ரெண்டாகி, ரெண்டு நாலாகி, நாலு எட்டாகி... போகிற வழியில் எங்கோ ஓரிடத்தில் ஒரு செல் "நான் தோல்" என்றும், இன்னொன்று "நான் மூளை" என்றும் பிரிந்து போயிருக்கின்றன.

அந்த முடிவு எப்போது எடுக்கப்பட்டது? யார் எடுத்தார்கள்? எடுத்த முடிவை மாற்ற முடியுமா?

"பி.காம். படிக்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதுக்குடா?" என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். பேலன்ஸ் ஷீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனா இது நூறு வருஷத்துக்கு மேல் நடந்த ஒரு வழக்கு மாதிரி. வந்த சாட்சிகள் எல்லோரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள், பொய் சொன்னவர் யாரும் இல்லை. அப்படியும் தீர்ப்பு மாறிக்கொண்டே போனது. அந்தக் கதைதான் இன்று. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள் :)

முட்டைக்குள் குட்டி மனிதன்

முதலில் பழைய நம்பிக்கை ஒன்று. 1694-ல் நிக்கோலாஸ் ஹார்ட்சூக்கர் என்ற டச்சுக்காரர் ஒரு படம் வரைந்தார். விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறான். "நான் பார்த்தேன்" என்று அவர் சொல்லவில்லை. "நல்ல மைக்ராஸ்கோப் இருந்தால் இப்படித் தெரியலாம்" என்பதுதான் அவர் கருத்து. அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். எல்லாம் முன்பே செய்து வைக்கப்பட்டிருக்கிறது, வயிற்றில் நடப்பது வெறும் வளர்ச்சி மட்டும்தான் என்று. சிலர் அந்தக் குட்டி மனிதன் முட்டைக்குள் இருக்கிறான் என்றார்கள், சிலர் விந்தணுவில் என்றார்கள். அவ்வளவுதான் சண்டை.

இப்படி நினைத்துவிட்டால் நம் கேள்விக்கே இடமில்லை. முடிவு எப்போது எடுக்கப்பட்டது? ஆதியிலேயே. முடிந்தது கதை.

1759-ல் காஸ்பர் ஃப்ரீட்ரிஷ் வோல்ஃப் என்ற ஜெர்மானியர் கோழி முட்டையை நாள்வாரியாக உடைத்துப் பார்த்தார். உள்ளே குட்டிக் கோழி எதுவும் இல்லை. ஏடு ஏடாக ஏதோ இருக்கிறது. அது மடிகிறது, சுருள்கிறது, குழாயாகிறது, பிறகுதான் உறுப்பாகிறது. இல்லாத ஒன்று புதிதாக உருவாகிறது! அப்போதுதான் கேள்வி பிறந்தது. ஒன்றும் எழுதாத ஏட்டில் எழுதுவது யார்?

பாகப்பிரிவினை

நேராக 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு வருவோம். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் வைஸ்மான் என்ற பேராசிரியர். கண் கோளாறால் மைக்ராஸ்கோப்பை அதிகம் பயன்படுத்த முடியாமல், உட்கார்ந்து யோசிப்பதில் இறங்கியவர். அவர் சொன்ன பதிலைப் புரிந்துகொள்ள நம் ஊர் பாகப்பிரிவினையை நினைத்துக்கொண்டால் போதும். கருமுட்டையின் உட்கருவில் மொத்தச் சொத்தும் இருக்கிறது. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் சொத்தும் பங்கு பிரிகிறது. இடது பக்கத்துக்கு உரியது இடது செல்லுக்கு, வலது பக்கத்துக்கு உரியது வலது செல்லுக்கு. கடைசியில் தோல் செல்லின் கையில் தோலுக்கான பங்கு மட்டும் மிஞ்சும். அது வேறு எதுவாகவும் மாற முடியாது, ஏனென்றால் மற்ற பத்திரம் எதுவும் அதனிடம் இல்லை. வாரிசுக்குக் கடத்தும் செல்களிடம் மட்டும் முழுச் சொத்தும் பத்திரமாக இருக்கும்.

அழகான கொள்கை. சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. ரெண்டு செல்லாக இருக்கும் கருவில் ஒன்றைக் கொன்றுவிட்டால் மிச்சமிருப்பது பாதி உடம்பாகத்தான் வளர வேண்டும்.

1888-ல் வில்ஹெல்ம் ரூ இதைச் செய்தார். இடம் ப்ரெஸ்லாவ், இன்று போலந்தில் இருக்கும் வ்ரோட்ஸ்வாஃப். தவளைக் கரு ரெண்டு செல்லாக இருக்கும்போது, சூடு காட்டிய ஊசியால் ஒன்றைக் குத்திக் கொன்றார். மிச்சமிருந்த செல் வளர்ந்தது. என்னவாக? பாதித் தவளையாக. ஒரு பக்கம் மட்டும் இருக்கும் கரு.

பாகப்பிரிவினை உண்மைதான் போலிருக்கிறதே? அந்தக் காலத்தில் உயிரியல் என்றால் பார்த்து வரைவது, வகைப்படுத்துவது. கருவைத் தொட்டுக் கெடுத்து, "இப்ப என்ன பண்ணுவே?" என்று கேட்கும் முறையை ஒரு தனித் துறையாகவே ஆக்கியவர் ரூ. அந்தத் துறைக்கென்று ஒரு ஆய்விதழையும் ஆரம்பித்தார். அந்த இதழை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

குலுக்கிப் பார்த்தவர்

மூன்று வருஷம் கழித்து, 1891. இத்தாலியக் கடலோரம் டிரியஸ்தே நகரம் (அப்போது அது ஆஸ்திரியாவின் கையில் இருந்தது). ஹான்ஸ் டிரீஷ் என்ற இளைஞர், ரூவின் சோதனையை வேறு பிராணியில் செய்து பார்க்க நினைத்தார். அவர் எடுத்துக்கொண்டது சீ அர்ச்சின். உடம்பெல்லாம் முள்ளோடு உருண்டையாக இருக்கும் கடல் பிராணி. அதன் கரு ரெண்டு செல்லாக இருக்கும்போது, கடல் தண்ணீரோடு சேர்த்துச் சோதனைக் குழாயில் போட்டுப் பலமாகக் குலுக்கினால் ரெண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். கொல்லத் தேவையில்லை.

பாதி அர்ச்சின் வரும் என்றுதான் டிரீஷும் எதிர்பார்த்தார். சாயங்காலம் பார்த்தபோது வெட்டிய பந்து மாதிரி பாதியாகத்தான் இருந்தது. மறுநாள் காலை பார்த்தால்... பந்து மூடிக்கொண்டிருந்தது. முழுசு! அளவில் மட்டும் சின்னது. நாலு செல் கட்டத்தில் பிரித்தாலும் தனித்தனியே முழு லார்வாவாக வளர்ந்தன. பிறகு கருவைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அழுத்தி, உட்கருக்களை இடம் மாற்றியும் பார்த்தார். அப்போதும் ஒழுங்காகவே வளர்ந்தது.

சொத்து பங்கு பிரிந்திருந்தால் பாதிச் செல்லால் முழு உடம்பு கட்ட எப்படி முடியும்? ரூ தரப்பு விடவில்லை. பங்கு பிரித்தது உண்மைதான், ஆனா அவசரத்துக்கு என்று ஒவ்வொரு செல்லிடமும் கொஞ்சம் ரிசர்வ் இருக்கிறது என்றார்கள். (ரிசர்வ் ஃபண்ட்! காமர்ஸ்காரர்கள் கவனிக்கவும்.)

டிரீஷ் கதை இன்னும் வினோதமாகப் போனது. எந்த மெஷினையாவது ரெண்டாக வெட்டினால் ரெண்டு முழு மெஷின் வருமா? வராது. அப்படியென்றால் உயிர் ஒரு மெஷினே இல்லை, உள்ளே பௌதிகத்துக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று வழிநடத்துகிறது என்று முடிவு செய்தார். அரிஸ்டாட்டிலிடமிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கி அதற்கு 'என்டெலக்கி' என்று பெயரும் வைத்தார். சோதனைகளை விட்டுவிட்டு தத்துவப் பேராசிரியர் ஆகிவிட்டார். தன் சோதனையைத் தானே நம்ப முடியாமல் துறை மாறிய ஆள் இவராகத்தான் இருப்பார்.

சரி, யார் சொன்னது சரி? 1910-ல் மெக்ளெண்டன் என்ற அமெரிக்கர் தவளைக் கருவில் ஒரு செல்லைக் குத்திக் கொல்லாமல் உறிஞ்சி எடுத்துவிட்டார். மிச்சமிருந்த செல் முழுத் தவளைக் கருவாக வளர்ந்தது! அதாவது ரூ கொன்ற செல், செத்த பிறகும் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உயிரோடிருந்த செல்லைப் பொறுத்தவரை பக்கத்து வீடு காலியாகவில்லை. ஆள் இருக்கிற மாதிரியே நினைத்து, தன் பாதியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தது. டிரீஷின் செல்லுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. அதனால் முழுதையும் அதுவே கட்டிவிட்டது.

ஆக, ரெண்டு பேரும் பார்த்தது உண்மை. செல்லின் பதில், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இதற்கு நடுவில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 1905-ல் எட்வின் காங்க்ளின் அமெரிக்கக் கடலோரத்தில் கிடைக்கும் அசிடியன் என்ற பிராணியின் முட்டையை ஆராய்ந்தார். அந்த முட்டையில் இயற்கையாகவே மஞ்சள் நிறத்தில் ஒரு பகுதி உண்டு. அந்த மஞ்சள் எந்தச் செல்களுக்குப் போகிறதோ அவைதான் வாலின் தசையாகின்றன. இங்கே உண்மையிலேயே பாகப்பிரிவினை நடக்கிறது. ஆனா பங்கு பிரிவது உட்கரு இல்லை, அதைச் சுற்றியிருக்கும் சைட்டோபிளாசம். சில பிராணிகள் சீக்கிரம் முடிவெடுத்துவிடுகின்றன, சில கடைசி வரை தள்ளிப் போடுகின்றன. (நம்மில் பலரைப் போல.)

அட்வான்ஸும் பத்திரப் பதிவும்

இதற்கப்புறம் வருகிறவர்தான் கதையின் பெரிய ஆள், ஹான்ஸ் ஷ்பேமான். 1896-97 குளிர்காலத்தில் காசநோயால் ஓய்வில் இருந்தபோது வைஸ்மான் எழுதிய புத்தகத்தைப் படித்து இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர். பிற்பாடு வைஸ்மான் இருந்த அதே ஃப்ரைபர்க்கில் பேராசிரியர் ஆனார்.

அவருடைய கருவி என்ன தெரியுமா? தன் கைக்குழந்தையின் தலைமுடி. அவ்வளவு மெல்லிசான நூல் கடையில் கிடைக்காது. நியூட் என்று ஒரு பிராணி, பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனா தவளைக்குத்தான் சொந்தக்காரன். அதன் கருவுற்ற முட்டையை முடியால் நடுவில் இறுக்கி உடுக்கை மாதிரி ஆக்கினார். உட்கரு ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் ரெண்டு, நாலு, எட்டு என்று பிரிகிறது, மறுபக்கம் சும்மா கிடக்கிறது. அந்தப் பக்கம் 16 செல் ஆகிற சமயத்தில், நடுவிலிருக்கும் குறுகலான பாலம் வழியாக ஒரே ஒரு உட்கரு மறுபக்கம் நழுவுகிறது. உடனே மறுபக்கமும் பிரிய ஆரம்பித்து, ரெண்டு பக்கமும் ரெண்டு முழு நியூட்! நாலு முறை பிரிந்த பிறகும் அந்த உட்கருவிடம் மொத்தச் சொத்தும் இருந்திருக்கிறது. வைஸ்மானின் பாகப்பிரிவினைக் கொள்கை அத்தோடு காலி.

ஒரு நிபந்தனை மட்டும். முடியை எந்த இடத்தில் கட்டினார் என்பது முக்கியம். கட்டுகிற வாகு மாறி, முட்டையின் ஒரு குறிப்பிட்ட சாம்பல் நிறப் பகுதி முழுக்க ஒரு பக்கமே போய்விட்டால், மறுபக்கம் முதுகெலும்பும் இல்லாமல் மூளையும் இல்லாமல் வெறும் வயிற்றுச் சதையாக வளர்ந்தது. அந்தச் சாம்பல் பகுதியில் ஏதோ இருக்கிறது.

1918-ல் ஷ்பேமான் வெளியிட்ட சோதனைதான் நம் கேள்விக்கு நேரான பதில். அதைச் சொல்வதற்கு முன் ஒரு சின்ன விளக்கம்.

நிலம் வாங்குவதில் மூன்று கட்டம் உண்டு. முதலில் பேச்சு: "அந்த மனை அவருக்குத்தான் போகும்னு ஊர்ல பேசிக்கறாங்க." அடுத்து அட்வான்ஸ்: முடிவான மாதிரிதான், ஆனா நடுவில் வேறு ஆள் புகுந்தால் மாறிவிடலாம். மூன்றாவது பத்திரப் பதிவு: யார் வந்தாலும் மாறாது. செல்லின் விதியும் இப்படித்தான். 1920-களில் வால்ட்டர் ஃபோக்ட் என்பவர் கருவின் மேல் சாயப் புள்ளிகள் வைத்து, எந்தப் புள்ளி கடைசியில் எந்த உறுப்பில் போய்ச் சேருகிறது என்று வரைபடமே போட்டார். ஆராய்ச்சியாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'விதி வரைபடம்'தான். ஆனா அது வெறும் பேச்சு. "யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் இது இப்படி ஆகும்" என்று மட்டும்தான் அது சொல்லும். முடிவாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் தொந்தரவு செய்துதான் பார்க்க வேண்டும். செல்லைத் தனியாக எடுத்து வைத்தும் அது அதுவாகவே வளர்ந்தால், அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பிடுங்கி வேறு இடத்தில் நட்டு, அங்கே உள்ள செல்களின் செல்வாக்குக்கும் மசியாமல் அதுவாகவே வளர்ந்தால், பத்திரம் பதிவாகிவிட்டது.

ஷ்பேமான் செய்தது இந்த மூன்றாவது சோதனை. நியூட் கருவில் மூளையாகப் போகும் துண்டையும் தோலாகப் போகும் துண்டையும் இடம் மாற்றி ஒட்டினார். சின்ன வயசுக் கருவாக இருந்தால், போன இடத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டன. மூளையாக வேண்டியது தோலாயிற்று, தோலாக வேண்டியது மூளையாயிற்று. இதையே கொஞ்சம் வளர்ந்த கருவில் செய்தபோது பிடிவாதம் வந்துவிட்டது. வயிற்றில் கொண்டுபோய் வைத்தாலும், மூளையாகப் போகிற துண்டு அங்கேயே நரம்புத் திசுவாக நின்றது. அந்த ரெண்டு கட்டத்துக்கும் நடுவில்தான் பத்திரம் பதிவாகிறது.

ஒரே ஒரு துண்டு மட்டும் சின்ன வயசிலும் மசியவில்லை. கருவின் செல்கள் உள்ளே மடிந்து போகத் தொடங்கும் வாய் போன்ற இடத்தின் மேல் உதடு அது. பழைய சாம்பல் நிறப் பகுதியிலிருந்து வருவதும் அதுதான். அதை இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் வைத்தால் அங்கே ரெண்டாவதாக ஒரு கரு முளைத்தது.

ஹில்டே

இங்கே ஒரு சிக்கல். முளைத்த ரெண்டாவது கருவில் இருக்கும் செல்கள் யாருடையவை? ஒட்ட வைத்த துண்டே வளர்ந்து முழுக் கரு ஆகிவிட்டதா, அல்லது குடியிருந்த செல்களை அது வேலை வாங்கியதா? ரெண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் கணக்குப் பார்க்க முடியாது. தணிக்கைக்கு வழியில்லாத கணக்குப் புத்தகம்.

1920-ல் ஷ்பேமானிடம் முனைவர் பட்டத்துக்கு வந்தவர் ஹில்டே ப்ரோஷோல்ட். 1898-ல் கோத்தா நகரில் பிறந்தவர். முதலில் அவருக்குக் கிடைத்த தலைப்பு, ஹைட்ரா என்ற சின்னஞ்சிறு நீர்ப்பிராணியைச் சட்டை மாதிரி உள்பக்கம் வெளியே திருப்புவது. 18-ஆம் நூற்றாண்டில் ஒருவர் செய்ததாகச் சொல்லப்பட்ட சோதனை. அவருக்கு அது கைகூடவே இல்லை. பிறகுதான் இந்த நியூட் வேலை வந்தது. வெளிறிய நிறமுள்ள ஒரு நியூட் இனத்திலிருந்து அந்த மேல் உதட்டை வெட்டி எடுத்து, கருத்த நிறமுள்ள இன்னொரு இனத்தின் கருவில் ஒட்ட வேண்டும். நிறமே கணக்கைச் சொல்லிவிடும்.

நியூட் முட்டை வசந்த காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். 1921, 1922 ரெண்டு வசந்தமும் போயின. கருவி, கண்ணாடி ஊசியும் முடியும்தான். கிருமிகளைத் தடுக்க மருந்து கிடையாது. நூற்றுக்கணக்கில் செய்ததில் பெரும்பாலானவை செத்துப் போயின. கடைசியில் கட்டுரையில் விவரமாக எழுதும் அளவுக்குத் தேறியவை ஆறு.

ஆறு போதுமாக இருந்தது. கருத்த கருவின் வயிற்றில் ரெண்டாவதாக ஒரு கரு. அதன் முதுகுத் தண்டு பெரும்பாலும் வெளிறிய செல்கள், அதாவது ஒட்ட வைத்தவை. ஆனா மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆரம்பமான நரம்புக் குழாயில் பெரும்பாலும் கருத்த செல்கள்! சும்மா விட்டிருந்தால் வயிற்றுத் தோலாகியிருக்க வேண்டியவை. பக்கத்தில் ஒரு துண்டு வந்து உட்கார்ந்ததும் அவற்றின் விதி மாறிவிட்டது. அந்தத் துண்டுக்கு ஷ்பேமான் வைத்த பெயர் 'ஆர்கனைசர்'.

கட்டுரை 1924-ல் வந்தது, ரூ ஆரம்பித்த அதே இதழில். ஷ்பேமானிடம் படித்த மற்ற மாணவர்கள் தங்கள் ஆய்வைத் தங்கள் பெயரில் மட்டும் வெளியிட்டார்கள். இந்தக் கட்டுரையில் மட்டும் பேராசிரியர் தன் பெயரையும் சேர்த்தார், அதுவும் முதலில். ஹில்டேவுக்கு அதில் வருத்தம் இருந்தது என்று கூடப் படித்த விக்டர் ஹாம்பர்கர் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஹில்டே அதற்குள் ஷ்பேமானின் உதவியாளர் ஓட்டோ மங்கோல்டைத் திருமணம் செய்து ஹில்டே மங்கோல்ட் ஆகியிருந்தார். கையில் ஒரு குழந்தை. 1924 செப்டம்பரில் வீட்டில் அடுப்பு வெடித்துத் தீப்பிடித்ததில் இறந்து போனார். வயது 25. நம்மைவிட நாலைந்து வயசுதான் கூட. 1935-ல் நோபல் பரிசு வந்தது, ஷ்பேமானுக்கு மட்டும். இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது. ஆனா இன்று எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் 'ஷ்பேமான்-மங்கோல்ட் ஆர்கனைசர்' என்றுதான் இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பாகப்பிரிவினை பிறகு சரியாக நடந்தது.

என்ன சொன்னது அந்தத் துண்டு?

அடுத்த கேள்வி ரொம்ப எளிமையானது. அந்தத் துண்டு பக்கத்துச் செல்லிடம் என்ன சொல்கிறது? ஏதோ ஒரு ரசாயனம் "மூளையாகு" என்று கட்டளையிடுகிறது, அதைப் பிரித்தெடுத்துவிட்டால் முடிந்தது என்று 1930-களில் ஆய்வுக்கூடங்கள் போட்டி போட்டன. அங்கேதான் வம்பு. ஆர்கனைசரைக் கொதிக்க வைத்துக் கொன்றாலும் வேலை செய்தது. வேறு பிராணிகளின் ஈரல், சிறுநீரகம் வைத்தாலும் வேலை செய்தது. மெத்திலீன் புளூ என்ற சாயம்கூட வேலை செய்தது! எல்லாமே விடை என்றால் விடை என்று ஒன்று இல்லை. துறையே அலுத்துப்போய் அப்படியே கிடந்தது, ஏறக்குறைய ஐம்பது வருஷம்.

கேள்வியைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. 1989-ல் தவளைக் கருவின் மேல்பக்கச் செல்களை ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். யாரும் எதுவும் சொல்லாமலேயே அவை நரம்புச் செல்களாகின. 1992-ல் நாகின், 1994-ல் கார்டின் என்று ஆர்கனைசர் சுரக்கும் புரதங்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1996-ல் அவை செய்யும் வேலை தெரிந்தது. கருவின் செல்கள் ஒன்றுக்கொன்று "தோலாகு, தோலாகு" என்று பி.எம்.பி. என்ற புரதத்தால் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நாகினும் கார்டினும் அந்தப் புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. அவ்வளவுதான். ஆர்கனைசர் "மூளையாகு" என்று கட்டளை இடவில்லை. "தோலாகு" என்று அக்கம்பக்கத்தார் போடும் சத்தத்தை நிறுத்தியது. சத்தம் நின்றதும், மூளையாகும் திறமை ஏற்கனவே இருந்த செல் மூளையாயிற்று.

முந்தைய தலைமுறையின் குழப்பத்துக்கும் இதில் விடை இருக்கிறது. உள்ளே ஏற்கனவே இருக்கும் ஒன்றை வெளியே கொண்டுவர எத்தனையோ விதமான தொந்தரவு போதுமானதாக இருந்திருக்கிறது.

பதிவான பத்திரத்தை ரத்து செய்யலாமா?

சரி, பத்திரம் பதிவாகிவிட்டது. செல் தோலாகியேவிட்டது. இனி?

1952-ல் பிலடெல்பியாவில் பிரிக்ஸ், கிங் என்ற இருவர் தவளைக் கருவின் உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டையில் வைத்து வளர்த்தார்கள். சின்னக் கருவிலிருந்து எடுத்தால் வளர்ந்தது, வளர்ந்த கருவிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் வளரவில்லை. ஆக ரத்து செய்ய முடியாது என்று தோன்றியது.

இங்கிலாந்தில் ஜான் கர்டன் வேறு ஒரு தவளை இனத்தில் இதைச் செய்தார். இவர் ஈட்டன் பள்ளியில் படித்தபோது உயிரியலில் 250 பேரில் கடைசி. விஞ்ஞானி ஆகும் ஆசை அபத்தமானது என்று 1949-ல் அவருடைய ஆசிரியர் ரிப்போர்ட்டில் எழுதினார். பிற்காலத்தில் அதை ஃபிரேம் போட்டு மேஜைக்கு மேல் மாட்டி வைத்திருந்தார் கர்டன் :) 1962-ல் அவர் வெளியிட்ட கணக்கு இது. தலைப்பிரட்டையின் குடல் செல்களிலிருந்து 726 உட்கருக்கள், அவற்றிலிருந்து நல்லபடியாக வளர்ந்த தலைப்பிரட்டைகள் 10. சதவீதத்தில் ஒன்றரைகூட வராது. ஆனா "முடியவே முடியாது" என்பதை உடைக்க ஒன்று போதும், இவரிடம் பத்து இருந்தது. 1996-ல் ஸ்காட்லாந்தில் 277 முயற்சியில் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி பிறந்தது, வளர்ந்த ஆட்டின் மடிச் செல்லிலிருந்து. அதுதான் டாலி.

கர்டன் கட்டுரை வந்த 1962-ல் ஜப்பானில் பிறந்தவர் ஷின்யா யமனாக்கா. அவர் முட்டையே வேண்டாம் என்றார். 24 ஜீன்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, கடைசியில் நாலு போதும் என்று 2006-ல் காட்டினார். எலியின் தோல் செல்லுக்குள் அந்த நாலையும் செலுத்தினால், அது எதுவாகவும் மாறக்கூடிய பழைய நிலைக்குத் திரும்பியது. 2007-ல் மனிதச் செல்லிலும் செய்தார். 2012-ல் கர்டனுக்கும் யமனாக்காவுக்கும் சேர்த்து நோபல். 2014-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் தோல் செல்லை இப்படிப் பின்னுக்குக் கொண்டுபோய், அதிலிருந்து விழித்திரைத் திசுவை வளர்த்து, அவர் கண்ணிலேயே வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் வைஸ்மான் "மற்ற பத்திரம் எதுவும் அதனிடம் இல்லை" என்று சொன்ன அதே தோல் செல்.

பதினாலு நாள்

இதெல்லாம் தவளைக்கும் நியூட்டுக்கும் சரி, நமக்கென்ன என்று கேட்கலாம். இருக்கிறது.

டிரீஷ் குலுக்கிப் பிரித்ததை இயற்கை மனிதக் கருவில் தானாகவே செய்கிறது. ஒரே கரு ரெண்டாகப் பிரிந்தால் ஒரே மாதிரி இரட்டையர். ஆனா அதற்கு ஒரு காலக்கெடு உண்டு. ஏறக்குறைய ரெண்டு வாரத்தில் கருவில் ஒரு கோடு மாதிரி தோன்றும். தலை எது, வால் எது, இடம் எது, வலம் எது என்பது அதோடு முடிவாகிவிடும். அதற்குப் பிறகு ஒன்று ரெண்டாக முடியாது. அதுவரை அந்தக் கரு ஒருவரா இருவரா என்பதே முடிவாகாத விஷயம்!

1984-ல் இங்கிலாந்தில் மேரி வார்னாக் தலைமையில் ஒரு குழு, சோதனைக் குழாயில் உருவாக்கிய மனிதக் கருவை எத்தனை நாள் வரை ஆராய்ச்சிக்கு வைத்திருக்கலாம் என்று ஆராய்ந்து, 14 நாள் என்று எல்லை போட்டது. அவர் விஞ்ஞானி இல்லை, தத்துவம் படித்தவர். 1990-ல் அது அங்கே சட்டமாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டியிலும் அதே 14 நாள்தான். எல்லை போட்ட காலத்தில் அத்தனை நாள் கருவை வெளியே வளர்க்கவே முடியாது, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. 2016-ல் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் ரெண்டு குழுக்கள் 12, 13 நாள் வரை வளர்த்து, எல்லைக்கு முன்னால் நிறுத்தின. 2021-ல் உலக ஸ்டெம் செல் ஆராய்ச்சியாளர்களின் சங்கம், எல்லையைத் தாண்டவே கூடாது என்ற தடையைத் தன் வழிகாட்டியிலிருந்து எடுத்துவிட்டது. நாடுகளின் சட்டம் வேறு, ஆனா பேச்சு ஆரம்பித்துவிட்டது.

2018-ல் அதே நியூயார்க் குழு இன்னொரு வேலை செய்தது. மனித ஸ்டெம் செல்களிலிருந்து ஆர்கனைசரை ஒத்த ஒரு துண்டைத் தட்டில் வளர்த்து, கோழிக் கருவில் ஒட்டினார்கள். கோழிக் கருவில் ரெண்டாவதாக ஒரு முதுகு முளைக்க ஆரம்பித்தது. 1922-ல் ஹில்டே வசந்தத்துக்காகக் காத்திருந்து நியூட்டில் செய்ததை, மனிதச் செல்லில் செய்து பார்த்துவிட்டார்கள்.

தமிழில் விதி என்றால் தலையெழுத்து, சட்டம் என்று ரெண்டு அர்த்தம். 14 நாள் விதி ரெண்டாவது வகை, ஆனா அது நிற்பது முதல் வகையின் மேல். முடிவு ஒரு நொடியில் எடுக்கப்படுகிறது என்றால் சட்டம் போடுவது சுலபம், அந்த நொடியில் கோடு கிழித்துவிடலாம். இந்த நூறு வருஷத்துக் கதையில் அப்படி ஒரு நொடி எங்கேயும் கிடைக்கவில்லை. பேச்சு, அட்வான்ஸ், பதிவு, ரத்து என்று அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து நடக்கிற நீண்ட காரியமாகத்தான் இருக்கிறது. அதற்காகக் கோடே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. எங்கேயாவது போடத்தான் வேண்டும். எங்கே போடுவது என்பதை மைக்ராஸ்கோப் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் 1984-ல் தத்துவம் படித்தவரிடம் கேட்டார்கள். அடுத்த முறை கேட்கும்போது காமர்ஸ் படித்தவர்களுக்கும் ஒரு ஓட்டு இருக்கும், அதற்குள் விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.